ஆவணிச் சினூக்: அறுபது அடிக்குக் கீழே இருக்கும் இன்னொரு ஏரி

ஆவணி பிறந்ததும் ஒன்ராறியோ ஏரியில் படகு ஓடுவது ஓர் ஏரியில், தூண்டில் ஓடுவது வேறோர் ஏரியில். மேலே நீர் 22 பாகை செல்சியஸ், கீழே 8. மேலே நீரோட்டம் ஒரு பக்கம் போனால் கீழே மறுபக்கம் போகும். வெறுங்கையோடு கரைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த நிற ஸ்பூனுக்கு அடித்தது?" என்று. ஸ்பூன் என்பது கரண்டிபோல் வளைந்த உலோகத் தூண்டில். நிறம் நான்காவது கேள்வி. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன: தூண்டில் போகும் இடத்தில் நீர் எவ்வளவு குளிர், அங்கே அது எவ்வளவு வேகத்தில் போகிறது, உண்மையில் எத்தனை அடியில் போகிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவர் எந்த நிறத்தைப் போட்டாலும் ஒரு மீனாவது ஏற்றுவார்.

இங்கே இழுவை என்று சொல்வது மடி இழுப்பதை அல்ல. மெதுவாக ஓடும் படகின் பின்னால் பல தூண்டில்களைப் பல ஆழங்களில் இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலிங்கைத்தான் சொல்கிறேன். மீன், கிங் என்று எல்லோரும் அழைக்கும் சினூக் சால்மன். இது இந்த ஏரிகளின் பூர்வீக மீன் அல்ல. ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமாக இருந்த அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. பின்னர் மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோவையும் 1967இல் சினூக்கையும் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். கட்டுக்கடங்காமல் பெருகிய அலேவைஃப் மீனைத் தின்ன ஆள் வேண்டியிருந்தது. அலேவைஃப் என்பது நம் சாளை, சூடைக்கு ஒன்றுவிட்ட உறவு, வெள்ளியாக மின்னும் சிறு மீன். சினூக் இன்றைக்கும் அதைத் தேடித்தான் அலைகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

தண்ணீர் அதிக அடர்த்தியோடு இருப்பது 4 பாகை செல்சியஸில். அதனால் கோடையில் சூடான நீர் மேலே மிதக்கிறது, குளிர்ந்தது அடியில் கிடக்கிறது. காற்று கலக்குவது மேல் படையை மட்டும். இரண்டுக்கும் நடுவே, சில அடி ஆழத்துக்குள் வெப்பம் மளமளவென்று விழும் ஒரு மெல்லிய படை உண்டு. அதுதான் தெர்மோக்ளைன். ஆவணியில் அது பெரும்பாலும் 40 முதல் 90 அடிக்குள் எங்காவது இருக்கும். சினூக்குக்குப் பிடித்தது 48 முதல் 54 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 9 முதல் 12 செல்சியஸ். அலேவைஃப் அதைவிடக் கொஞ்சம் சூடான நீரில் நிற்கும். ஆகவே சினூக் அந்தப் படையின் அடிவிளிம்பில் நின்றுகொண்டு, மேலே பாய்ந்து இரை பிடித்துவிட்டுத் திரும்பக் குளிருக்குள் இறங்கும். தூண்டில் அந்த விளிம்பில், அல்லது அதற்குச் சற்று மேலே போகவேண்டும். மீனுக்குக் கீழே போகும் தூண்டில் பெரும்பாலும் வீண். மேல் நோக்கிப் பாய்ந்து அடிப்பதுதான் அதன் பழக்கம்.

இந்தப் படை ஓரிடத்தில் நிற்காது. காற்று அதைத் தூக்கும், அமுக்கும். வட அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றடிக்கும் திசைக்கு வலப்பக்கமாக நகரும். மேற்கிலிருந்து வரும் கச்சான் ஒரு நாளாவது விடாமல் வீசினால் சூடான மேல்நீர் தெற்கே தள்ளப்படும். கனடியக் கரையோரம் அடியிலிருந்து குளிர்நீர் ஏறிவரும். நேற்று 70 அடியில் இருந்த 52 பாகை ஃபாரன்ஹீட் இன்று 20 அடியில் நிற்கும். கரையிலிருந்து ஏரிக்குள் நேராகத் தள்ளும் வாடையும் இதே வேலையைச் செய்யும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் எல்லாம் தலைகீழ்: சூடான நீர் வட கரையில் குவிந்து குளிரை நூறு அடிக்குக் கீழே அமுக்கிவிடும். அப்போது எதிரே நியூயோர்க் கரையில் குளிர்நீர் ஏறியிருக்கும். எனவே நேற்று யாரோ எத்தனை அடியில் பிடித்தார் என்ற செய்தி இன்றைக்கு உதவாது. எத்தனை பாகையில் பிடித்தார் என்று கேட்டால் உதவும்.

படையைக் கண்டுபிடிக்க முதல் வழி சோனார். உணர்திறனைக் கூட்டினால் திரையில் புகைபோல ஒரு பட்டை குறுக்கே ஓடும். அடர்த்தி மாறும் இடமும் அங்கே தங்கும் நுண்ணுயிர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வரும் பட்டை அது. திரையில் வரும் இரைச்சலைத் தானாக மறைக்கும்படி அமைப்பை வைத்திருந்தால் இந்தப் பட்டையையும் அது துடைத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். ஆனால் பட்டை எங்கே என்று தெரிந்தாலும் அங்கே எத்தனை பாகை என்று சோனார் சொல்லாது. அதற்குத் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் ஈயக்குண்டின் மேலே பொருத்தும் உணரி வேண்டும். ஃபிஷ் ஹாக் போன்றவை குண்டின் ஆழத்தில் உள்ள வெப்பத்தையும் வேகத்தையும் படகுக்கு அனுப்பும். விலை கூடியதுதான். பத்துப் புதிய ஸ்பூன்களும் இரண்டு ரீல்களும் வாங்குமுன் இதை வாங்குங்கள் என்பேன்.

இனி, அந்தக் குண்டை இறக்கி ஏற்றும் டவுன்ரிகர். ஓர் உருளை, 150 றாத்தல் தாங்கும் முறுக்கிய எஃகுக் கம்பி, அதன் முனையில் குண்டு, குண்டுக்குப் பின்னால் தூண்டில் நூலைப் பிடித்திருக்கும் கிளிப். மீன் அடித்தால் கிளிப் நூலை விட்டுவிடும். அதன்பின் குண்டு இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். எல்லாரும் செய்யும் பிழை குண்டின் எடையில். 8 றாத்தல் குண்டு வசந்தத்தில் 30 அடிக்குப் போதும். ஆவணியில் 80, 100 அடிக்கு இறக்கும்போது 12 றாத்தலுக்குக் குறையக்கூடாது. 14, 16 இன்னும் நல்லது, டவுன்ரிகரின் மோட்டார் தாங்குமானால். எடை குறைந்தால் நீரின் எதிர்ப்பு குண்டைப் பின்னுக்குத் தள்ளும். எண்காட்டி 100 என்று சொல்லும், குண்டு அதற்கு மேலே எங்கோ போகும்.

எவ்வளவு மேலே என்பதைக் கம்பியின் சாய்வை வைத்து மட்டிடலாம். கம்பி நேர்க்கோடாகச் சாய்ந்திருக்கிறது என்று கொண்டால், செங்குத்திலிருந்து 20 பாகை சாய்வுக்கு 100 அடிக் கம்பி 94 அடி ஆழம் போகும், 30 பாகைக்கு 87, 40 பாகைக்கு 77. உண்மையில் கம்பி வளைந்திருக்கும். நீர்மட்டத்துக்கு அருகே தெரிவதுதான் அதன் மிகப் பெரிய சாய்வு, கீழே போகப்போக நிமிரும். ஆகவே குண்டு இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும். பதின்மூன்று அடி வித்தியாசம் சின்னது என்று தோன்றலாம். தெர்மோக்ளைனில் பதின்மூன்று அடிக்குள் வெப்பம் பத்துப் பாகை ஃபாரன்ஹீட் மாறிவிடும்.

இறக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் தூண்டிலைப் படகின் பக்கத்தில் விட்டு அது சரியாக நீந்துகிறதா என்று பாருங்கள். கொக்கியில் இறகு சுற்றியிருந்தால் நூறு அடியில் அது உங்களுக்குத் தெரியவராது. பிறகு பத்து முதல் இருபது அடி நூல் பின்னே விட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள். ஸ்பூனுக்கு முப்பது அடி வரை விடலாம். ஃபிளாஷர் என்ற சுழலும் தட்டுக்குப் பதினைந்து போதும். ஆழம் கூடக்கூட இந்த நீளத்தைக் குறைக்கலாம், ஏனென்றால் நூறு அடிக் கீழே படகின் சத்தமோ நிழலோ மீனை விரட்டுவதில்லை. நீளம் குறைந்தால் தூண்டில் குண்டோடு ஒட்டிப்போகும், எங்கே இருக்கிறது என்ற குழப்பம் குறையும். குண்டை மெதுவாக விடுங்கள். தடாலென்று விட்டால் தூண்டில் மேலே மிதந்து நூலைச் சுற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் கிளிப் பாதியிலேயே விட்டுவிடும். குண்டு நின்றதும் தளர்ந்த நூலைச் சுற்றியெடுத்துத் தடி அரைவட்டமாக வளையும்வரை இறுக்குங்கள். கிளிப் விட்டதும் தடி தானே நிமிர்ந்து நூலை இறுக்கிப்பிடிக்க இந்த வளைவு தேவை.

கிளிப்பின் இறுக்கம் தனிக் கலை. தளர்ந்திருந்தால் அலைக்கெல்லாம் விடும். இறுகியிருந்தால் இரண்டு றாத்தல் குட்டி மாட்டியிருப்பதே தெரியாமல் ஒரு மணி நேரம் இழுத்துத் திரிவீர்கள். மற்றத் தடிகள் அடிக்கும்போது ஒரு தடி மட்டும் வெகுநேரம் மௌனமாக, நுனி மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தால் அதை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு குட்டியோ, கொக்கியில் சிக்கிய பாசியோ இருக்கும்.

கரைச்சரிவின் மேலே ஓடும்போது குண்டு அடியில் தட்டாமல் கவனிக்கவேண்டும். உருளையின் கிளட்சை, குண்டின் எடையைத் தாங்கும், ஆனால் கையால் பலமாக இழுத்தால் நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கிவையுங்கள். குண்டு பாறையில் சிக்கினால் கம்பி ஓடட்டும். இறுகப் பூட்டிவைத்தால் கம்பி அறும், இல்லையென்றால் டவுன்ரிகர் பிடுங்கிக்கொண்டு போகும். கம்பியில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அதை நிமிர்த்திப் பயனில்லை. அந்த இடத்தில் வெட்டி முனையைப் புதிதாக முடியுங்கள். மடிந்த கம்பி அடுத்த முறை சொல்லாமல் அறும், குண்டும் உணரியும் ஏரிக்குள் போகும்.

வேகத்துக்கு வருவோம். அதிகம் பிழைவிடுவது இங்கேதான். ஜிபிஎஸ் காட்டும் வேகம் தரையை வைத்து அளந்தது. தூண்டிலுக்கு வேண்டியது, அது இருக்கும் நீரை வைத்து அளந்த வேகம். கீழே மணிக்கு அரை மைல் வேகத்தில் நீரோட்டம் எதிரே வந்தால், ஜிபிஎஸ் 2.4 மைல் என்று சொல்லும்போது தூண்டில் 2.9இல் போகும். திரும்பி அதே பாதையில் வந்தால் அதே 2.4க்கு 1.9. ஒரு பக்கம் போகும்போது மட்டும் மீன் அடிக்கிறது, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். குண்டில் 2.3 முதல் 2.7 மைல் ஸ்பூனுக்கும், ஃபிளாஷரின் பின்னே போகும் ஃபிளை என்ற இழைத் தூண்டிலுக்கும் பொது இலக்கு. மீன் இறைச்சித் துண்டு இழுத்தால் 2.0 முதல் 2.4. உணரி இல்லாதவர்கள் கம்பியின் சாய்வைப் பாருங்கள். அடித்த நேரத்தில் கம்பி எந்தச் சாய்வில் இருந்ததோ, திரும்பி வரும்போதும் அதே சாய்வு வரும்வரை எஞ்சினைக் கூட்டியோ குறைத்தோ பிடியுங்கள். ஜிபிஎஸ் என்ன சொன்னாலும் பொருட்படுத்தவேண்டாம்.

நேராகவே ஓடாதீர்கள். வளைந்து வளைந்து போனால் உள்வளைவுத் தூண்டில்கள் வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிவளைவில் உள்ளவை வேகம் கூடி மேலே ஏறும். வெளிப்பக்கத் தடியே திரும்பத் திரும்ப அடித்தால் வேகம் போதாது என்று பொருள். உள்பக்கம் அடித்தால் குறையுங்கள். காசு செலவில்லாமல் ஏரியிடம் விடை வாங்கும் வழி இது.

டவுன்ரிகர் மட்டும் போதாது. குண்டுகளுக்கு வெளியே, படகின் இருபக்கமும் தூண்டிலைக் கீழே இழுத்துப்போகும் டைவர் தட்டு விடவேண்டும். டிப்சி என்று எல்லாரும் சொல்லும் அந்த வட்டத் தட்டின் அடியில் எண் குறித்த திருகு இருக்கும். எண் 1 அதிகம் இறங்கும், 3 அதிகம் பக்கவாட்டில் விலகும். கம்பி நூலில் 1க்கு, விட்ட நீளத்தில் ஏறக்குறையப் பாதி ஆழம். 3க்கு மூன்றில் ஒரு பங்கு. 3இல் 200 அடி விட்டால் அறுபது எழுபது அடி என்று வைத்துக்கொள்ளலாம். டைவருக்கும் தூண்டிலுக்கும் இடையிலுள்ள நூல் உங்கள் தடியைவிட நீளமாக இருந்தால் மீன் அத்தாங்குக்கு, அதாவது கைவலைக்கு, எட்டாது. ஏழெட்டு அடி போதும். கம்பி நூலுக்கு இழுவையில் நீளும் தன்மையே இல்லை. ரீலில் நூல் ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் டிராகை, ஓடும் படகில் நூல் வெளியே வராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இடையில் ஒரு ரப்பர் குழாய், ஸ்னப்பர், போட்டால் முதல் அடியில் வாய் கிழியாது. சாதாரணத் தடியின் வளையங்களைக் கம்பி அரம்போல அறுத்துவிடும். நுனிக்கு உருளை வளையமோ சுருள் முனையோ உள்ள தடிதான் வேண்டும்.

இன்னும் விலகி ஓட செப்புக்கம்பி நூல். 45 றாத்தல் செப்பு 300 அடி விட்டால் சுமார் அறுபது முதல் எழுபது அடி இறங்கும். படகிலிருந்து பக்கவாட்டில் விலகி ஓடும் பக்கப் பலகையில் கட்டி எண்பது அடி வெளியே ஓடவிட்டால் படகைப் பார்க்காத மீனிடம் போகும். ஆனால் வேகம் குறைந்தால் மூழ்கிக்கொண்டே போகும், படகை நிறுத்தினால் அடியைத் தொடும். கூட்டமான நாளில் இதைத் தவிர்ப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் மரியாதை.

தூண்டில் வகையில் ஆவணிக்கு என் தேர்வு ஃபிளாஷரும் ஃபிளையும்தான். எட்டு அங்குலத் தட்டு முழுவட்டமாகச் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பின்னால் உள்ள ஃபிளையை வெட்டி இழுக்கும். அந்த வெட்டுக்குத்தான் மீன் அடிக்கிறது. இரண்டுக்கும் இடையே 18 முதல் 24 அங்குலம், 50 றாத்தல் தங்கூசி. மெல்லியது போட்டால் வெட்டு தளர்ந்துவிடும், முறுக்கும் விழும். நீளம் கூடினால் வெட்டு சோம்பும், குறைந்தால் கூர்மையாகும். மீன் தொட்டுவிட்டு விட்டுப்போகிறது என்றால் முதலில் இந்த நீளத்தை இரண்டு அங்குலம் மாற்றிப் பாருங்கள், நிறத்தை அல்ல. பால்பேரிங் உள்ள நல்ல சுவிவல், அதாவது சுழலும் இணைப்பு, தட்டின் இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் நூல் கயிறாகும். பதினொரு அங்குலத் தட்டின் பின்னே உப்பிட்ட ஹெரிங் துண்டு இழுப்பவர்கள் நான்கு முதல் ஆறு அடி நூல் விட்டு, மெதுவாக ஓடவேண்டும்.

நிறம்: ஆழத்தில் முதலில் மறைவது சிவப்பு. பச்சையும் நீலமும் கடைசிவரை தெரியும். விடியுமுன் ஒளிரும் பூச்சுள்ள ஸ்பூன், வெயில் ஏறியதும் பச்சை, நீலம், வெள்ளி. இதற்குமேல் நிறத்தைப் பற்றிப் பேச எனக்குப் பெரிய ஆவல் இல்லை.

ஆவணி நடுவிலிருந்து இரண்டு வகைச் சினூக் இருக்கும். அந்த ஆண்டு முட்டையிடப் போகும் முதிர்ந்தவை கிரெடிட், கனரஸ்கா போன்ற ஆறுகளின் முகத்துவாரத்துக்கு வெளியே கூடும். இவற்றின் குடல் சுருங்கிக்கொண்டு வரும். பசிக்கு அல்ல, எரிச்சலுக்கு அடிக்கும். பொழுது விடியும் அரைமணி நேரத்துக்குள் 40, 60 அடி ஆழமுள்ள இடத்தில் மீன் வடிவிலான பெரிய பிளக் தூண்டிலோ ஒளிரும் ஸ்பூனோ மெதுவாக இழுத்தால் பிடிபடும், வெளிச்சம் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். இளசுகள் இன்னும் வெள்ளியாக, வெளியே நூற்றைம்பது முந்நூறு அடி ஆழமுள்ள நீரில் இரையோடு சுற்றும். அவை நாள் முழுக்கத் தின்னும். முகத்துவாரத்தில் முப்பது படகு நின்றால் நான் வெளியேதான் போகச் சொல்வேன். உண்பதற்கும் இவைதான் ருசி. முதிர்ந்தவற்றின் சதை வெளிறி, கொழுப்பு இறங்கியிருக்கும்.

இந்த மாதத்தின் பெரிய தொல்லை நீர்த்தெள்ளு. நீண்ட முள்வால் உள்ள இந்த நுண்ணிய நீர்ப்பிராணிகள் நூலில் வாலால் மாட்டி, ஈரப் பஞ்சுபோலக் கட்டி, தடியின் நுனி வளையத்தில் அடைத்துக்கொள்ளும். பெரிய மீன் மாட்டி ஓடும்போது இது நடந்தால் நூல் அறும். மெல்லிய பின்னல் நூலில்தான் அதிகம் ஒட்டும். 30 றாத்தல் தடித்த தங்கூசிக்கு மாறினால் வெகுவாகக் குறையும். மீன் வரும்போது ஒருவர் தடியைப் பிடிக்க, மற்றவர் நுனிக்கு முன்னால் நூலை விரலால் தட்டித் தட்டி உதிர்க்கட்டும்.

மீன் மாட்டினால் படகை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் மெதுவாக்குங்கள், அவ்வளவுதான். நிறுத்தினால் மற்ற நூல்கள் தொங்கிப் பின்னிக்கொள்ளும், மீனும் தளர்ந்த நூலில் கொக்கியை உதறும். சினூக் முதல் ஓட்டத்தில் முந்நூறு அடி எடுக்கும். அப்போது டிராகைத் தொடவே கூடாது. 20 றாத்தல் நூலுக்கு நான்கைந்து றாத்தல் டிராக் என்று கரையிலேயே தராசு மாட்டி அளந்து வையுங்கள். படகருகே வந்த மீன் அத்தாங்கைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் எடுக்கும். வலையை மீனின் தலைக்கு முன்னால் நீரில் வைத்து மீனை அதற்குள் நடத்துங்கள். வாலுக்குப் பின்னால் துரத்தினால் கொக்கி வலையில் மாட்டி மீன் போகும்.

விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சால்மனின் காற்றுப்பை தொண்டையோடு இணைந்தது, ஆழத்திலிருந்து ஏறும்போது காற்றை அது வெளியேற்றிவிடும். அழுத்தம் கொல்வதில்லை. கொல்வது வெப்பம். 10 பாகை செல்சியஸ் நீரில் இருந்த மீன் இருபது நிமிடம் போராடிக் களைத்து 22 பாகை நீருக்குள் வருகிறது. நீந்திப் போனாலும் பல மீன்கள் பிறகு இறக்கின்றன. மேல்நீர் சூடான நாட்களில் வேண்டியதைப் பிடித்ததும் தூண்டிலை ஏற்றிவிடுவதே நியாயம். வைத்துக்கொள்ளும் மீனின் செவுளை உடனே வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, குடலெடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்புங்கள். பெரிய மீன்களில் சேரும் மாசுகளுக்காக ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில், அளவுக்கேற்ப மாதத்துக்கு எத்தனை வேளை என்று இருக்கிறது. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்குவது நல்லது.

ஏரியின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒன்ராறியோவின் மீன்பிடி மண்டலம் 20இன் விதிகள், அந்தப் பக்கம் நியூயோர்க்கின் உரிமமும் விதிகளும். ஆளுக்கு எத்தனை தூண்டில், எத்தனை மீன் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். கரையேறியதும் படகின் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை ஓடவிட்டு, நூல், கம்பி, குண்டு, வலை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் நீர்த்தெள்ளைத் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து, படகைத் தரைவழி கொண்டுபோகுமுன் அடைப்பைக் கழற்றுவதும் ஒட்டியவற்றை நீக்குவதும் சட்டம். கம்பி உருளையின் உள்சுற்றுகளில் ஈரம் நிற்கும். அதை முழுதாகப் பிரித்துக் காயவைக்காவிட்டால் தெள்ளு அடுத்த ஏரிக்குப் போகும்.